எல்லாம் நாமளே பாத்துக்கலாம்!

தட்டு மாற்றி முடிந்து, வந்தவர்கள் கேசரிக் கிண்ணத்தோடு உட்கார்ந்திருக்கும்போது யாராவது ஒருவர் ஆரம்பிப்பார். “இப்பல்லாம் மொத்தமா காண்டிராக்ட் விட்டுடறாங்க. பூவிலேருந்து புரோகிதர் வரைக்கும் அவங்க பொறுப்பு. நாம பட்டு வேட்டியைக் கட்டிக்கிட்டுப் போய் நின்னாப் போதும்.”

அந்தக் கடைசி வார்த்தைதான் மாமாவைச் சுடும். “நம்ம வீட்டுக் கல்யாணத்துக்கு நாமளே விருந்தாளியாப் போறதா? நான் எதுக்கு இருக்கேன்? எல்லாம் நாமளே பாத்துக்கலாம்.”

அன்றோடு அந்த வீட்டில் தூக்கம் போயிற்று.

சென்னையில் இப்படித் தெருவுக்கு ஒரு மாமா உண்டு. சொந்தத்தில் யாருக்கும் கல்யாணம் இல்லாவிட்டால் அடுத்த வீட்டுக்காரருக்காவது இறங்கி வேலை செய்வார். ஓய்வு பெற்றவர். சர்வீஸில் இருந்தபோது டெண்டரைப் பிரித்துப் பார்த்தவர்கள் எல்லாம் மேலே இருந்தார்கள். இவர் அதற்கு நம்பர் போட்டு அடுக்கி வைத்தவர். மூன்று கொட்டேஷன் வாங்கி, குறைந்ததைப் பொறுக்கி, அதிலும் அடித்துப் பேசும் அதிகாரம் வாழ்க்கையில் இப்போதுதான் கைக்கு வந்திருக்கிறது. அதை எடுத்து ஒரு காண்டிராக்டரிடம் கொடுத்துவிடுவாரா? பணத்தை மிச்சம் பிடிக்கத்தான் இத்தனை பாடும் என்று அவர் சொல்வார். நம்ப வேண்டாம்.

எங்கள் தெரு மாமா தன் பெண்ணுக்குத் தட்டு மாற்றிய மறுநாளே லாங் சைஸ் நோட்டு ஒன்று வாங்கிவிட்டார். பிள்ளையார் சுழிக்குக் கீழே மண்டபமும் இல்லை, சமையலும் இல்லை. ‘திருமணப் பதிவு – 90 நாளுக்குள்’ என்று சிவப்பு மையில் எழுதி இரண்டு கோடு. தமிழ்நாட்டில் 2009-ல் வந்த சட்டப்படி எந்த மதத்துக் கல்யாணமானாலும் பதிவு கட்டாயம் என்று எல்லோருக்கும் விளக்கினார். “மாமா, இன்னும் தேதியே குறிக்கலையே?” என்றேன். “முடிவுலேருந்து முன்னாடி வரணும்டா. அதுக்குப் பேர்தான் பிளானிங்.”

பெங்களூரில் வேலை பார்க்கும் பெண்ணுக்கு வேறு ஆசை இருந்தது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு ரிசார்ட், மணலில் மேடை, பின்னால் கடல். மாமா படங்களைப் பொறுமையாகப் பார்த்தார். “எல்லாம் சரிம்மா. ஹோமம் வளர்க்கும்போது காத்தை யார் மேனேஜ் பண்றது?” அதற்குப் பதில் யாரிடமும் இல்லாததால் மண்டபம் என்று முடிவாயிற்று.

மண்டபம் தேட அவர் எடுத்துக்கொண்ட மாதம் ஆடி. ஆடியில் முகூர்த்தம் கிடையாது. மேனேஜர்கள் ஈ ஓட்டிக்கொண்டிருப்பார்கள். உட்காரச் சொல்லி, ஃபேனைப் போட்டு, முகம் கொடுத்துப் பேசுவார்கள் என்பது கணக்கு. தப்பான கணக்கு என்று சொல்ல முடியாது. ஆனால் அந்த மேனேஜரும் எத்தனையோ ஆடியைப் பார்த்தவர். டைரியைத் திறந்து ஆவணியிலும் தையிலும் வளர்பிறை முகூர்த்தம் அத்தனைக்கும் பேர் விழுந்திருப்பதைக் காட்டினார். மாமா பையிலிருந்து பஞ்சாங்கத்தை எடுத்தார்.

“தேய்பிறையில பஞ்சமி வரைக்கும் வளர்பிறைக்குச் சமானம்னு பெரியவங்க சொல்லுவாங்க. அந்த நாளுக்கு ரேட்டு சொல்லுங்க.”

“சமானம்னா ரேட்டும் சமானந்தானே சார்?” என்றார் மேனேஜர்.

மற்றவர்கள் மண்டபத்துக்குள் போனால் மேடையைப் பார்ப்பார்கள், சரவிளக்கைப் பார்ப்பார்கள். மாமா பின்வாசல் வழியாக நுழைந்தார். சமையல்கட்டில் தண்ணீர்த் தொட்டியின் மூடியைத் திறந்து எட்டிப் பார்த்தார். கழிவறை ஒவ்வொன்றிலும் ஃபிளஷ்ஷை இழுத்து, மறுபடி தண்ணீர் நிரம்புகிற வரை வாசலில் நின்றார். மணமகன் அறைக் கட்டிலில் செருப்பைக் கழற்றிவிட்டு மல்லாந்து படுத்து, “சத்தம் போடுது, எழுதிக்கோ” என்றார். சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு பந்திக்கு எத்தனை இலை விழும், ஒரு பந்தி எழுந்திருக்க எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று மேனேஜரைக் குடைந்தார். அந்த மனிதர் துருதுருவென்று வேறு வேலை இருப்பதாகக் காட்டப் பார்த்தார். ஆடியில் என்ன வேலை?

பிறகு ஒப்பந்தத் தாள் வந்தது. வாடகை என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது வெறும் முன்னுரைதான். மின்சாரம் மீட்டர் ரீடிங்படி தனி. ஜெனரேட்டர் மணிக் கணக்கு, டீசல் தனி. ஏ.சி. இத்தனை மணி நேரம், அதற்கு மேல் தனி. பாத்திரம், சுத்தம் செய்ய, குப்பை அள்ள, எல்லாம் தனித்தனி. முந்தின நாள் மதியம் 3 மணிக்குச் சாவி. மறுநாள் மதியம் 3 மணிக்குக் காலி செய்ய வேண்டும். டெக்கரேஷன் அவர்கள் ஆள்தான். வெளியாளைக் கூட்டிவந்தால் அதற்கும் ஒரு கட்டணம். அத்தனைக்கும் தலைமேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. வேறு யாராக இருந்தாலும் முகம் சுருங்கியிருக்கும். மாமாவின் முகம் மலர்ந்தது. இத்தனை அயிட்டம் இருந்தால் இத்தனை இடத்தில் பேரம் பேசலாமே!

அட்வான்ஸ் கொடுக்கும் முன்பு அந்த மண்டபத்தில் நடக்கிற ஒரு கல்யாணத்தைப் பார்த்தே ஆகவேண்டும் என்பது அவர் வகுத்த விதி. ஆவணி முதல் முகூர்த்தத்தன்று என்னையும் இழுத்துக்கொண்டு போனார். வாசலில் பன்னீர் தெளித்தார்கள், கற்கண்டு எடுத்துக்கொண்டோம். யாருடைய கல்யாணம் என்று எனக்குத் தெரியாது, அவருக்கும் தெரியாது. பந்தியில் பக்கத்து இலைக்காரர் அன்பாகக் கேட்டார்: “நீங்க பொண்ணு வீடா, மாப்பிள்ளை வீடா?”

“மண்டபத்து வழியில சொந்தம்” என்றார் மாமா.

அவரும் ஏதோ புரிந்த மாதிரி தலையாட்டினார். மாமா சாம்பாரை முதல் சுற்றிலும் இரண்டாம் சுற்றிலும் வாங்கி ஒப்பிட்டார். இரண்டாவதில் தண்ணீர் ஏறியிருந்ததாம். ரசத்துக்கு மட்டும் கண்ணை மூடினார். பரிமாறுகிற பையனிடம் மாஸ்டரின் பேர், ஊர், போன் நம்பர் வாங்கிக்கொண்டார். சாப்பிட்டு எழுந்ததும் மனசு உறுத்தியிருக்க வேண்டும். நேரே மொய் எழுதும் மேசைக்குப் போய் 101 ரூபாயை நீட்டினார். “பேர் சொல்லுங்க.” “அன்பர்னு போட்டுக்குங்க.”

அந்த ரசத்துக்குச் சொந்தக்காரரான மாஸ்டர் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தார். அவர் மளிகை லிஸ்ட் சொல்லச் சொல்ல அத்தை எழுதினார்.

“அரிசி, கிலோவுக்கு எட்டுப் பேர் கணக்கு.”

“பத்துப் பேர் போடுங்க. சப்பாத்தி இருக்கு, புலாவ் இருக்கு. வெறும் சாதத்துல யாருக்கு அவ்வளவு பிரியம்?”

“முந்திரி எட்டு கிலோ.”

“எட்டா? பாயசத்துல முந்திரி போடறீங்களா, முந்திரியில பாயசம் போடறீங்களா?”

மாஸ்டர் பேனாவை அத்தையிடமிருந்து வாங்கி மாமாவின் கையில் வைத்தார். “லிஸ்ட்டை நீங்களே போட்டுடுங்க சார். நான் சமைக்கறதோட நின்னுக்கறேன்.” கோபித்துக்கொண்டார் என்பது எங்களுக்கெல்லாம் புரிந்தது. மாமா, “அதுதான் முறை” என்று சந்தோஷமாக உட்கார்ந்து ஒவ்வொரு அயிட்டத்திலும் கத்தி வைத்தார். ராத்திரி பதினொரு மணிக்கு அவருக்கு வியர்த்துவிட்டது. கடைசிப் பந்தியில் சாதம் இல்லை என்று யாராவது சொல்லிவிட்டால்? எழுந்து விளக்கைப் போட்டு, வெட்டியதையெல்லாம் பழையபடி ஆக்கி, அதற்கு மேலும் கொஞ்சம் ஏற்றினார். முந்திரி ஒன்பது கிலோவில் வந்து நின்றது. பிரிக்காத மூட்டையைத் திருப்பி எடுத்துக்கொள்ள வேண்டும் என்று மளிகைக்கடைக்காரரிடம் எழுதி வாங்கிக்கொண்ட பிறகுதான் படுத்தார்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். கஞ்சத்தனத்தில் சட்டத்தை மீறமாட்டார். அக்கம்பக்கத்தார் தங்கள் வீட்டு 14.2 கிலோ சிலிண்டரைத் தருகிறோம் என்றபோது கையெடுத்துக் கும்பிட்டு மறுத்துவிட்டு, வணிக உபயோகத்துக்கான 19 கிலோ சிலிண்டருக்கே பணம் கட்டினார். சட்டம் அவருக்குச் சாதகமாகவும் வேலை செய்தது. லைட் மியூசிக்காரரிடம் எடுத்துவிட்டார்: “ராத்திரி 10 மணிக்கு மேல ஒலிபெருக்கி கூடாதுன்னு 2000-லேயே விதி வந்தாச்சு. நீங்க வாசிக்கப் போறதே மூணு மணி நேரம். முழு ரேட்டு எதுக்கு?”

“நாங்க எப்பவுமே மூணு மணி நேரந்தான் சார் வாசிக்கறோம்.”

“அப்ப விதிக்காகக் கொஞ்சம் குறைங்க.”

குறைத்தார்கள். ஏன் குறைத்தார்கள் என்று இன்றுவரை அவர்களுக்கும் தெரியாது.

போட்டோக்காரர் இவ்வளவு சுலபத்தில் மடியவில்லை. சாதாரண போட்டோவுக்கு ஒரு ரேட்டு, கேண்டிடுக்கு அதைவிட இரண்டு மடங்கு. “கேண்டிட்னா?” “நீங்க கேமராவைப் பாக்காதப்ப எடுக்கறது சார்.” “பாக்காம இருக்கறது நாங்க, காசு உங்களுக்கா?” பெண் குறுக்கே விழுந்து தன் சம்பளத்திலிருந்து கொடுப்பதாகச் சொல்லிக் காப்பாற்றினாள்.

பூவுக்குக் கோயம்பேடு. 1996-ல் மார்க்கெட் அங்கே மாறியது. மாமா கையில் வைத்திருந்ததோ கொத்தவால் சாவடிக் காலத்து ரேட்டு. முகூர்த்த நாளில் மல்லி விலை கண்டபடி ஏறும் என்பது தெரிந்து அதற்கும் ஒரு திட்டம் வைத்திருந்தார். “அன்னிக்கு வேணுங்கற மல்லிக்கு இன்னிக்கே ரேட் பேசி அட்வான்ஸ் குடுத்துடறேன்.” பூக்காரம்மா கட்டிக்கொண்டிருந்த சரத்திலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டார்: “செடி ஒத்துக்கிச்சா சார்?”

நாயனக்காரரிடம் மட்டும் அவர் பேரம் பேசவில்லை. வெற்றிலை பாக்கு, பழம் வைத்த தட்டோடு போனார். நரசிங்கம்பேட்டையில் கடைந்த ஆச்சாமர நாயனம் அவருடையது. 2022-ல் புவிசார் குறியீடு வாங்கிய அதே ஊர்ச் சரக்கு. கலைஞர் ஒரு தொகை சொன்னார். மாமா நோட்டைத் திறக்கவே இல்லை. “சாருகேசி கொஞ்சம் விஸ்தாரமா வாசிங்க” என்று மட்டும் கேட்டுக்கொண்டு, நின்றபடியே முழு அட்வான்ஸையும் தட்டில் வைத்தார். ஸ்கூட்டரில் திரும்பும்போது வழி நெடுக ஒன்றும் பேசவில்லை. நான் இதைப் பற்றிக் கேட்கவும் இல்லை.

இதற்குள் கமிட்டி போட்டாயிற்று. தண்ணீருக்கு ஒரு மருமகன், ஏ.சி.க்கு ஒருவன், செருப்பு வைக்கும் இடத்துக்கு ஒருவன். எனக்குக் கிடைத்தது டம்ளர். 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை என்பதால் தண்ணீர் பாக்கெட் கிடையாது, பிளாஸ்டிக் கப் கிடையாது. வாடகைக் கடையிலிருந்து 600 எவர்சில்வர் டம்ளர். கையெழுத்துப் போட்டு வாங்கினேன்.

முகூர்த்த நேரத்தில் பெண்ணின் கையைப் பிடித்துத் தாரை வார்த்துக் கொடுக்கிறவர் கூடத்தின் கோடியையே பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்தவர்கள் பெண்ணைப் பிரிகிற வருத்தம் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். எனக்குத் தெரியும். சாப்பாட்டுக் கூடத்தில் ஆளே இல்லாமல் நாலு ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு கையும் சடங்கில் மாட்டிக்கொண்டதால், ஏ.சி. மருமகனைத் தேடிப் புருவத்தாலேயே ‘ஆஃப் பண்ணு’ என்று சொல்லிப் பார்த்தார். அவன் அதை ‘சாப்பிடப் போ’ என்று எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்துவிட்டான். “சார், பார்வையை இங்க வைங்க” என்றார் ஐயர். கெட்டிமேளம் முழங்கியது.

மதியம் இரண்டரைக்கு மாமா மின்சார மீட்டருக்கு எதிரே நின்று மேனேஜரோடு ரீடிங் எடுத்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பாத்திர அறைக்கு வந்து, தரையில் என் பக்கத்தில் உட்கார்ந்து டம்ளரை எண்ண ஆரம்பித்தார். காண்டிராக்டர் சொன்ன தொகையும் இவர் செலவழித்ததும் கிட்டத்தட்ட ஒன்றுதான் என்றும், பெட்ரோலைச் சேர்த்தால் இவருடையது ஒரு படி மேல் என்றும் அத்தை வாசற்படியில் நின்றபடி சொன்னார். “நானூத்தி இருபது… அவன் மீட்டர் ரீடிங் பாத்திருப்பானா? நானூத்தி இருபத்தொண்ணு…”

பெண் கூரைப் புடவையோடு வந்தாள். வாசலில் கார் நிற்கிறது. மாப்பிள்ளை வீட்டார் ஏறிவிட்டார்கள். “அப்பா, கிளம்பறேன்பா” என்றாள். குரல் உடைந்திருந்தது.

“இரும்மா, விட்டா எண்ணிக்கை போயிடும்.”

அவள் ஒரு நிமிஷம் நின்றாள். பிறகு புடவைக் கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு எதிரே உட்கார்ந்து, மிச்சக் குவியலைத் தன் பக்கம் இழுத்தாள். இருவரும் பத்துப் பத்தாக அடுக்கினார்கள். மேனேஜர் வந்து கடிகாரத்தைக் காட்டிவிட்டுப் போனார்.

“அப்பா, 607 வருது.”

“ஏழு கூடவா? அது எப்படி வரும்? யாரோ அவங்க வீட்டு டம்ளரைக் கொண்டு வந்து கலந்துட்டாங்க.” நோட்டைத் திறந்து பேனாவை எடுத்தார். “எல்லாத்தையும் கொட்டு. முதல்லேருந்து எண்ணலாம்.”

“அந்தக் கார்ல ஏ.சி. ஓடிக்கிட்டிருக்குப்பா” என்றாள் அவள்.

மாமா எழுந்துவிட்டார்.