கண்டி மாமா

தாத்தா காலத்தில் சிலோனில் இருந்த குடும்பம் என்றால், கண்டியில் உங்களுக்கு ஒரு மாமா கட்டாயம் இருப்பார். தாய்மாமன் அல்ல, மாமனாரும் அல்ல. ஒரே தோட்டம், ஒரே லயம், அடுத்தடுத்த காம்பரா, அவ்வளவுதான் உறவு. 1964 அக்டோபரில் சிறிமாவும் சாஸ்திரியும் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று ஆட்களைப் பாகம் பிரித்ததில் உங்கள் தாத்தா கப்பலேறினார், மாமாவின் அப்பா தங்கிவிட்டார். "கோடு போட்டதே நம்ம ரெண்டு வீட்டு நடுச்சுவர்லதான் தம்பி" என்பார் மாமா, இரண்டு பிரதமர்களும் சங்கிலி பிடித்து அளந்ததை நேரில் பார்த்தவர் மாதிரி.

ஓட்டலில் அறை போட்டிருப்பதாகச் சொன்னால் கோபித்துக்கொள்ள மாட்டார். வேனோடு வந்து இறங்குவார். வரவேற்பு மேசையில் சிங்களத்தில் ஏதோ பேசுவார். நமக்குப் பிடிபடுவது 'இந்தியாவ' ஒன்றுதான். அதற்குள் பெட்டி வேனில் ஏறியிருக்கும்.

மாமா ஓய்வுபெற்ற டீமேக்கர். இது தெரியாமல் கோத்தகிரியிலிருந்தோ சேரம்பாடியிலிருந்தோ போகிறவர்கள் ஆளுக்கொரு பாக்கெட் தேயிலை கொண்டுபோய் நீட்டுவார்கள். தாயகம் திரும்பியவர்களுக்கென்று தமிழக அரசு போட்ட தோட்டத்துத் தூள், சொந்தக் கையால் கொழுந்து பறித்தது என்ற பெருமையோடு. மாமா பாக்கெட்டைப் பிரித்து ஒரு சிட்டிகையை உள்ளங்கையில் கொட்டி, வெளிச்சத்துக்கு நகர்த்தி, ஆள்காட்டி விரலால் உருட்டுவார். குருணை குருணையாக உருளும். மூக்கருகே கொண்டுபோவார். வீடே மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கும். "பிள்ளைக ஆசையா கொண்டாந்திருக்கு" என்று மாமியிடம் கொடுத்துவிடுவார். தீர்ப்பு அவ்வளவுதான். பிறகு அவருடைய சாயம் வரும்: பால் இல்லை, கடித்துக்கொள்ள ஒரு துண்டு கித்துள் கருப்பட்டி. நம் ஆள் பால் கேட்டால், 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை நட்ட கதையிலிருந்து ஆரம்பிப்பார். கேட்காமலிருப்பது உத்தமம்.

மறுநாள் ஊர் பார்க்கக் கிளம்புவீர்கள். கண்டியை உங்களுக்குக் காட்டுவதைவிட உங்களைக் கண்டிக்குக் காட்டுவதில்தான் மாமாவுக்கு அக்கறை என்பது மூன்றாவது வீட்டில் விளங்கும். கட்டுகஸ்தோட்டையில் ஒரு வீடு, கம்பளையில் ஒரு வீடு, வழியில் ஒரு இரும்புக்கடை. எல்லா இடத்திலும் சாயம், எல்லா இடத்திலும் "அப்படியே தாத்தா மூக்கு". பேராதனைப் பூங்கா 147 ஏக்கர். 1901இல், பின்னாளில் ஐந்தாம் ஜார்ஜ் ஆன இளவரசர் வைத்த நாகலிங்க மரம் அங்கேதான் நிற்கிறது. நீங்கள் பார்ப்பது வாசல் கேட்டை மட்டும், அதுவும் ஓடுகிற வேனிலிருந்து. கம்பளையில் இடியப்பமும் சொதியும் ஆறிக்கொண்டிருக்கிறதே!

கண்டிக் குளத்தருகே மட்டும் வண்டி நிற்கும். அதை வெட்டிய ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனை 1815இல் பிடித்த வெள்ளைக்காரன், வேலூர்க் கோட்டையில் கொண்டுபோய் வைத்தான். 1832இல் அங்கேயே முடிந்தார். "எங்க ராசா சமாதி உங்க வேலூர்லதான் இருக்கு. போயிருக்கீங்களா?" என்று மாமா கேட்பார். தமிழ்நாட்டுக்காரர் வேலூருக்குப் போனது ஆஸ்பத்திரிக்கு. அதை இங்கே சொல்ல முடியுமா? தலையை எந்தப் பக்கம் ஆட்டினோம் என்று நமக்கே தெரியாதபடி ஆட்ட வேண்டும்.

தலதா மாளிகையில் மாலைப் பூசை ஆறரைக்கு. மாமாவுக்கு நேரம் அத்துப்படி, ஆனால் வழி நெடுகத் தெரிந்தவர்கள். அத்தனை பேரிடமும் "இந்தியாவுல இருந்து நம்ம பிள்ளைக" என்று நிறுத்தி அறிமுகம் நடக்கும். மேளச் சத்தம் தெருவரை கேட்கும். உள்ளே போகும்போது பேழை அறைக் கதவு சாத்தியிருக்கும். "பரவால்ல, நாளைக்குக் காலைல ஒன்பதரைக்கு இருக்கு" என்பார். நாளை காலை ஒன்பதரைக்கு மாத்தளையில் சாப்பாடு என்று அவரே ஏற்கெனவே சொல்லி வைத்திருப்பார்.

கிளம்புகிற அன்று பெட்டியை மாமியே கட்டுவார். மூன்று கிலோ தேயிலை, மாசிச் சம்பல், தொதல், எண்ணெய் கசியும் ஒரு ஊறுகாய்ப் போத்தல். போத்தல் உங்களுக்கல்ல. "கூடலூர்ப் பக்கம் நம்ம பெரியம்மா பேத்தி ஒன்னு இருக்கு தம்பி. விலாசம் தெரியாது. சிலோன்காரங்கன்னு கேட்டா யாரும் காட்டுவாங்க. கையில குடுத்துட்டு ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க."

கூடலூர்ப் பக்கம் யாரைக் கேட்டாலும் சிலோன்காரர்கள்தான்.