மூடி விசாரணை

2008-ஆம் ஆண்டு செப்டம்பர் 23-ஆம் தேதி நியூயார்க் நகரத்தில் அறிமுகமானதும், தைவான் தேசத்து எச்டிசி நிறுவனத்தாரால் செய்யப்பெற்றதும், அமெரிக்காவில் டி-மொபைல் ஜி1 என்னும் நாமம் பூண்டதும், ஆண்ட்ராய்டு மென்பொருளோடு கடைக்கு வந்தவற்றுள் முதலாவதுமான கைப்பேசியைச் சரித்திரக்காரர்கள் தொடுதிரைக் கைப்பேசி என்றே வர்ணித்து வருகின்றனர். இது பரிசீலனைக்குரிய அபிப்பிராயம். அப்பொருள் உண்மையில் ஒரு விசைப்பலகை. தொடுதிரை அதன் மூடி மாத்திரமே என்பது எமது சித்தாந்தம்.

பிரமாணம் வேண்டுமெனில், அதன் 3.2 அங்குலத் திரையையே சாட்சிக்கு அழைக்கலாம். விரலால் தொட்டால் பட்டியல் உருளும், எண்களைத் தட்டினால் அழைப்பும் போகும். ஆனால் ஒருவரை க்ஷேமம் விசாரித்து ஒரு வார்த்தை எழுத நினைத்தாலோ, 2009-இல் 1.5 என்ற பதிப்பு வரும்வரை, அத்திரையில் எழுத்துகளே கிடையா. மூடியைத் தள்ளி, ஐந்து வரிசை விசைகளை வெளிப்படுத்தியே தீரவேண்டும். மேலும், தொட்டால் போதும் என்று செய்தவர்களே நம்பியிருந்தால், ஓர் உருள்குண்டையும் ஐந்து பொத்தான்களையும் எதற்காகப் பதித்தார்கள்? அவையும் மூடியில் இல்லை, அடிப்பாகத்தின் விளிம்பில் இருந்தன என்பது கவனிக்கத்தக்கது.

இத்தனை ஜாலம் காட்டுவதை மூடி என்பது தகுமோ எனப் பூர்வபட்சிகள் ஆட்சேபிக்கலாம். அவர்கள் அதனைத் திறந்து பார்த்தவர்களாய் இருக்கமாட்டார்கள். நேர்க்கோட்டில் நகராமல், கீலின் பலத்தால் சற்றே மேலெழுந்து, வில்லாக வளைந்து சென்று, ஒரு சப்தத்தோடு அது மறுபுறம் அமரும். காட்சியும் கூடவே பக்கவாட்டில் திரும்பிக்கொள்ளும். அந்தச் சப்தத்திற்காகவே, எழுத ஒன்றுமில்லாதவர்களும், வெற்றிலை தீர்ந்த செல்லத்தைத் தாத்தாமார்கள் திறந்து மூடுவதுபோல, திறந்து மூடிக்கொண்டிருந்தனர். (காதொலிக் கருவிக்கு வழக்கமான 3.5 மில்லிமீட்டர் துளையை அவர்களுக்கு அளிக்காமற் போனதற்கு இதுவே சமாதானமாக இருக்கலாம்.)

ஆயினும் வாதத்தை முடித்துவைப்பது வேறொரு சம்பவம். விற்பனைக்கு வந்த புதிதில், விசைப்பலகையில் தட்டியவை யாவும், எழுதப்படும் கடிதத்திற்குள் சென்றதோடு நில்லாமல், பின்னணியில் கண்ணுக்குத் தெரியாமல் சர்வ அதிகாரங்களோடு ஓடிக்கொண்டிருந்த ஒரு கட்டளை நிரலுக்கும் போய்ச் சேர்ந்தன. ஆகவே ஒருவர் தம் சிநேகிதருக்கு 'ரீபூட்' என்ற ஆங்கிலச் சொல்லைத் தனி வரியில் எழுதி என்டர் விசையை அழுத்தினால், சிநேகிதர் அதைப் படிக்குமுன், கைப்பேசி அந்த ஆக்ஞையைச் சிரமேற்கொண்டு தன்னைத்தானே அணைத்து மறுபடி உயிர்த்தெழும். 2008 நவம்பரில் இதைத் திருத்திவிட்டார்கள். திருத்தலாம், ராஜ்யம் எவர் கையில் இருந்தது என்பது அதற்குள் வெளிப்பட்டுவிட்டதே!

இவ்விடத்தில் மூன்றாவது கட்சி ஒன்றையும் குறிப்பிடவேண்டும். அறிமுக விழாவுக்குச் சக்கரப் பாதரட்சைகளோடு வந்த கூகுள் ஸ்தாபகர் செர்கே பிரின், கைப்பேசியை ஆகாயத்தில் எறிந்தால் அது எத்தனை நேரம் அந்தரத்தில் இருந்தது எனக் கணக்கிடும் செயலி ஒன்றைத் தாமே எழுதியதாகச் சொன்னார். இக்கட்சிக்கு மூடியும் வேண்டாம், பலகையும் வேண்டாம். 158 கிராம் எடையும் பிடிப்பதற்கு ஒரு கையும் போதும். இதனைப் பின்பற்றியோர் அதிகமில்லை.

மூடி எழுத்துகளைக் கற்றுக்கொண்ட அதே 2009-இல், எச்டிசி நிறுவனத்தார் மேஜிக் என்ற பெயரில் அடுத்த கைப்பேசியைக் கொண்டுவந்தனர். திரை அதே 3.2 அங்குலம், கீழே விசைப்பலகை இல்லை. மூடியை மட்டும் தனியே விற்றார்கள், ஜனங்களும் வாங்கினார்கள்.