நாற்காலிப் பொருள்கோள்: கம்பெனி ஆங்கிலம் குறித்த ஓர் இலக்கண ஆராய்ச்சி

செய்யுளுக்குப் பொருள் கொள்ளும் முறைகள் எட்டு என்று நன்னூல் வகுத்தது. ஆற்றுநீரில் தொடங்கி அடிமறிமாற்று வரை பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தவர்கள் ஆயிரம் ஆயிரம் பேர். அவற்றில் இரண்டுக்கு மேல் இன்று சொல்லக்கூடியவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எட்டோடு நிறுத்திக்கொண்டதற்குத் தக்க காரணம் உண்டு. அவருக்கு அமெரிக்க கிளையன்ட் யாரும் இல்லை. இருந்திருந்தால் ஒன்பதாவதாக ஒன்றைச் சேர்த்திருப்பார். விடுபட்ட அந்த ஒன்பதாவதை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது பிஸினஸ் மீட்டிங்குகளில் புழங்கும் ஆங்கிலம். தரவுகள் பெரும்பாலும் துரைப்பாக்கம், சோழிங்கநல்லூர் வட்டாரத்து டீக்கடை வாசல்களில் திரட்டப்பட்டவை. மீட்டிங் அறைக்குள் பேசப்படுவதற்கு உரை, மீட்டிங் முடிந்தபின் டீக்கடையில்தான் கிடைக்கிறது.

திணை வகுத்தல்

முதற்பொருள் நிலமும் பொழுதும். 2000ஆம் ஆண்டில் தரமணியில் டைடல் பார்க் திறந்தது தொட்டு, பழைய மகாபலிபுரம் சாலையின் இருபுறமும் தெற்கே சிறுசேரி வரை நீண்டு கிடப்பது நிலம். பொழுதைப் பொறுத்தவரை கார், கூதிர், முன்பனி எதுவும் இங்கே செல்லாது. பெரும்பொழுது இரண்டே. நியூயார்க் நமக்கு ஒன்பதரை மணி நேரம் பின்னால் இருக்கும் பொழுது; பத்தரை மணி நேரம் பின்னால் இருக்கும் பொழுது. முன்னது மார்ச் மாதத்து இரண்டாம் ஞாயிறன்றும், பின்னது நவம்பரின் முதல் ஞாயிறன்றும் பிறக்கும். அங்கே ஒருவர் கடிகார முள்ளை நகர்த்த, இங்கே மேடவாக்கத்தில் ஒரு குடும்பம் இரவுச் சாப்பாட்டை ஒரு மணி நேரம் நகர்த்தும். சிறுபொழுது மாலை ஆறரைக்கு மேல். கருப்பொருள்களாவன: கழுத்தில் தொங்கும் அடையாள அட்டை, ஹெட்செட், மிஷின் காபி. தெய்வம் கிளையன்ட். உரிப்பொருள் தள்ளிப்போடுதலும் தள்ளிப்போடுதல் நிமித்தமும்.

இத்திணை மக்கள் பேசுவது குழூஉக்குறி என்பதில் ஐயமில்லை. பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பதையும், யானைப்பாகர் ஆடையைக் ‘காரை’ என்பதையும் உரைகாரர்கள் எடுத்துக்காட்டுவார்கள். ஆனால் ஒரு சிக்கல். பொற்கொல்லரின் குறிச்சொல் வாடிக்கையாளருக்குப் புரியக்கூடாது என்பதற்காகப் பிறந்தது. கம்பெனிக் குறிச்சொல்லோ வாடிக்கையாளரிடமிருந்தே வருகிறது. புரியாமல் விழிப்பவர் பொற்கொல்லர்.

வினையியல்

ஃப்ரேசல் வெர்ப் என்பதே இம்மொழியின் முதுகெலும்பு. 1925இல் ‘வேர்ட்ஸ் அண்ட் இடியம்ஸ்’ என்ற நூலில் லோகன் பியர்சால் ஸ்மித் இந்தப் பெயரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். பெயரை எடுத்துக்கொடுத்தவர் ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் ஆசிரியர்களுள் ஒருவரான ஹென்றி பிராட்லி. சாதுவான ஒரு வினைச்சொல்லுக்குப் பின்னால் அப், ஆஃப், அவுட், ஆன் என்று ஏதேனும் ஒரு துண்டைச் செருகினால் போதும், சொல் ஆளே மாறிவிடும். ‘கால்’ என்றால் கூப்பிடுவது. ‘கால் ஆஃப்’ என்றால் கூப்பிட்டதையே ரத்து செய்வது. ‘புட் ஆஃப்’ தள்ளிப்போடுவது; ‘புட் அப் வித்’ தள்ளிப்போட்டவரைச் சகித்துக்கொள்வது. ‘ரன்’ என்ற ஒற்றை வினைக்கு 645 பொருள்களை ஆக்ஸ்ஃபோர்டு அகராதிக்காரர்கள் எண்ணி வைத்திருக்கிறார்கள். ஸ்லைடுகளை ‘ரன் த்ரூ’ செய்கிறார்கள், சிக்கலில் ‘ரன் இன்டு’ ஆகிறார்கள், நேரம் ‘ரன் அவுட்’ ஆகிறது. மூன்று ஓட்டமும் ஒரே அரை மணி நேரக் கூட்டத்தில் நடக்கும். ஒருவர்கூட இருந்த இடத்தைவிட்டு எழுந்திருக்க மாட்டார்.

ரென் அண்ட் மார்ட்டின் இலக்கணத்தைக் கரைத்துக் குடித்தவரும் இந்த இடத்தில் திணறுவார். (அந்த ரென்தான் பாலைவனத்து அந்நியப் படையை வைத்து ‘போ ஜெஸ்ட்’ என்ற சாகச நாவலையும் எழுதியவர். செய்வினையைச் செயப்பாட்டுவினையாக மாற்றச் சொல்லி நம்மை வதைத்த கைக்கு அப்படியொரு கற்பனையும் இருந்திருக்கிறது.) கபில்தேவ் விளம்பரத்தில் வந்து பரிந்துரைத்த ரேபிடெக்ஸ் புத்தகம், போஸ்ட் ஆபீசில் எப்படிப் பேசுவது, டாக்டரிடம் எப்படிப் பேசுவது என்றெல்லாம் தலைமுறைகளுக்குச் சொல்லிக்கொடுத்தது. ஸ்டேட்டஸ் காலில் எப்படிப் பேசாமல் இருப்பது என்பது அதன் பாடத்திட்டத்தில் சேராத கலை.

இருந்தாலும் தமிழர் இதற்கு மலைக்க வேண்டியதில்லை என்பது என் கட்சி. மெயில் அனுப்பச் சொல்வதையே பாருங்கள். ‘அனுப்பு’ கட்டளை. ‘அனுப்பிடு’ என்றால் அந்த வேலை முடிந்ததாக இருக்க வேண்டும். ‘அனுப்பிப் பாரு’ என்றால் பதில் வரும் என்ற நம்பிக்கை சொல்கிறவருக்கே இல்லை. ‘அனுப்பி வை’ என்றால் பின்னால் ஏதோ வில்லங்கம் வரப்போகிறது, நம் பக்கம் ஓர் ஆதாரம் இருக்கட்டும் என்ற முன்யோசனை. ‘அனுப்பித் தொலை’ என்பதற்கு உரை தேவையில்லை. விடு, பார், வை, தொலை என்ற நான்கு துணைவினைகளை வைத்துக்கொண்டு நான்கு மனநிலைகளைக் குழந்தைப் பருவத்திலேயே பிரித்தறிந்தவருக்கு, ‘ஃபாலோ அப்’ எது, ‘ஃபாலோ த்ரூ’ எது என்று பிரிப்பதா பெரிய பாடு? பெரிய பாடுதான். காரணம், தமிழில் தொலை என்பதைச் சொல்லும்போது முகத்தைப் பார்த்தே கற்றுக்கொண்டோம். கம்பெனி ஆங்கிலத்தில் கேமராவை அணைத்துவைத்திருக்கிறார்கள்.

ஆகவே கற்பது செவிவழி. பாடம் சொல்பவர் ஆன்சைட் போய்வந்தவர். நியூஜெர்சியிலிருந்து திங்கட்கிழமை இறங்கிய ஒரு மேனேஜர் ‘டபுள் கிளிக் ஆன் தட்’ என்று ஒருமுறை சொன்னால், வெள்ளிக்கிழமைக்குள் தளம் முழுவதும் அதையே கிளிக்கிக்கொண்டிருக்கும். பொருள் கேட்பவர் எவரும் இல்லை. கேட்டால் ஆன்சைட் போகாதவர் என்று தெரிந்துவிடும்.

தொடரியல்

மரபுத்தொடர்களில் பெரும்பகுதி, நமக்குச் சம்பந்தமில்லாத ஒரு விளையாட்டிலிருந்து வருவது. உத்தேசக் கணக்கு ‘பால்பார்க் ஃபிகர்’. எதிர்பாராத கேள்வி ‘கர்வ் பால்’. சும்மா பேசிக்கொள்வது ‘டச் பேஸ்’. எல்லாம் பேஸ்பால். 1986இல் இந்தியா ஆஸ்திரேலியா டெஸ்ட் ‘டை’ ஆன சேப்பாக்கத்தைத் தாண்டி தினமும் ஆபீசுக்குப் போகிறவர், வாழ்நாளில் ஒரு பேஸ்பால் மட்டையைத் தொட்டிராதவர், ‘யாராவது ஸ்டெப் அப் டு த பிளேட் பண்ணணும்’ என்று உணர்ச்சிவசப்படுகிறார். அந்தத் தட்டு மைதானத்தில் கிடப்பதா, சாப்பாட்டு மேஜையில் இருப்பதா என்பது பேசுபவர், கேட்பவர் இருவருக்கும் ஒரே அளவில் தெளிவில்லை. தொடர்பாடலுக்கு அது தடையாக இருந்ததாகத் தரவு கிடைக்கவில்லை.

‘டெட்லைன்’ தனியாக நின்று பார்க்க வேண்டிய சொல். அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1864இல், ஜார்ஜியா மாநிலத்து ஆண்டர்சன்வில் சிறை முகாமில் மதிலுக்கு உட்புறமாக ஒரு கட்டை வேலி இருந்தது. கைதி அதைத் தொட்டாலே காவலர் சுடலாம். அந்த வேலியின் பெயர்தான் அது. முகாமின் தலைமை அதிகாரி ஹென்றி விர்ஸைப் போர் முடிந்தபின், 1865 நவம்பரில், தூக்கிலிட்டார்கள். இன்று அதே கோட்டை ஒரு ப்ராஜெக்ட் ஆண்டுக்கு எத்தனை முறை தாண்டினாலும் சுடுவார் இல்லை, கோட்டைத்தான் நகர்த்துகிறார்கள். சொல் நாகரிகமடைந்த வரலாறு என்று இதைக் கொள்ளலாம். ஆனால் வெள்ளிக்கிழமை இரவு பதினொன்றரைக்கு மானிட்டர் முன் உட்கார்ந்திருப்பவரிடம் இந்தக் கருத்தைச் சொல்லிப் பார்க்க நமக்குத் துணிவு வரவில்லை.

‘டேபிள்’ என்ற சொல்லுக்கு வேறு விதமான வில்லங்கம். பிரிட்டிஷார் ஒன்றை டேபிள் செய்தால் உடனே விவாதத்துக்கு எடுப்பார்கள். அமெரிக்கர் டேபிள் செய்தால் ஒத்திவைப்பார்கள். இரண்டாம் உலகப் போரின்போது இரு நாட்டுத் தளபதிகளும் ஒரு காகிதத்தை டேபிள் செய்வதா வேண்டாமா என்று நெடுநேரம் காரசாரமாக வாதாடினார்கள் என்றும், இரு தரப்பும் விரும்பியது ஒன்றேதான் என்று பிறகே தெரிந்தது என்றும் சர்ச்சில் தம் போர் நினைவுகளில் எழுதியிருக்கிறார். மசோதாவைச் சபையில் டேபிள் செய்ததாகச் செய்தித்தாளில் படித்து வளர்ந்து, அமெரிக்கருக்கு வேலை செய்யும் சென்னைக்காரர் இரண்டு பொருளுக்கும் நடுவில் நிற்கிறார். ‘ஷ்யூர்’ என்று சொல்லிவிடுகிறார். இரண்டுக்கும் பொருந்தும் சொல் அது.

ஒன்பதாவது பொருள்கோள்

இனி நம் கோட்பாடு. மேற்கண்ட தொடர்களைப் பட்டியலிட்டு, எதிரே பொருளெழுதி மனப்பாடம் செய்பவர்கள் ஏன் தோற்கிறார்கள்? பொருள் தொடரில் தங்குவதில்லை. சொல்கிறவர் உட்கார்ந்திருக்கும் நாற்காலியிலிருந்து அது பிறக்கிறது. இதுவே நாற்காலிப் பொருள்கோள் என்க.

‘லெட் மி சர்க்கிள் பேக்’ என்று கிளையன்ட் சொன்னால் அந்த விஷயத்துக்குக் கருமாதி முடிந்தது. மேனேஜர் சொன்னால் இன்றிரவு வேறொருவர் தூங்கப் போவதில்லை. வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதமான பையன் சொன்னால் அவனுக்குப் பதில் தெரியாது. கால் முடிவதற்குள் கூகுளில் தேடிக்கொண்டிருக்கிறான். ‘லெட்ஸ் டேக் இட் ஆஃப்லைன்’ மேலிருந்து வந்தால் வாயை மூடு என்பது. கீழிருந்து வந்தால் எல்லார் முன்னாலும் வேண்டாம் சார் என்பது. ‘லோ ஹேங்கிங் ஃப்ரூட்’ என்று யார் கை காட்டினாலும், எக்கிப் பறிக்க வேண்டியவர் சிறுசேரியில்தான் இருக்கிறார்.

சில தொடர்கள் ஒரு திசையில் மட்டும் பாயும். ஆற்றுநீர்ப் பொருள்கோளோடு இவற்றுக்கு உறவு உண்டோ என்பது ஆராயத்தக்கது. எனக்கு ‘பேண்ட்விட்த்’ இல்லை என்பது அவற்றுள் ஒன்று. அலைவரிசையின் அகலத்தை ஹெர்ட்ஸில் அளக்கப் பிறந்த அந்தச் சொல்லை மேலே இருப்பவர் கீழே இருப்பவரிடம் சொல்லலாம். கீழிருந்து மேலே சொல்லும் உரிமை இலக்கணத்தில் உண்டு, அப்ரைசலில் இல்லை.

கீழ்க்காண்பது டீக்கடைத் தரவு.

“ஜி, ‘இன்ட்ரஸ்டிங் அப்ரோச்’னு சொல்லிட்டாரே, ஓகே ஆயிடுச்சா?”

“லண்டன்காரரா, டல்லஸ்காரரா?”

“லண்டன்.”

“அப்ப மொத்தமும் திரும்ப எழுதணும். டீயைக் குடி.”

நாற்காலி இருக்கும் ஊரும் கணக்கில் சேரும் என்பது இதனால் பெறப்படும்.

மங்கலத்துக்கும் குறைவில்லை. இறந்தாரைத் துஞ்சினார் என்ற மரபு இங்கும் தொடர்கிறது: ஒரு மென்பொருளை மூடுவது ‘சன்செட்’, ஆளை அனுப்புவது ‘லெட் கோ’. ஏதோ அவர் நெடுநாளாகக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது போலவும், கம்பெனி மனமிரங்கி விட்டது போலவும்.

நாம் திருப்பிக் கொடுத்ததும் உண்டு. ‘ப்ரீபோன்’ இந்திய ஆங்கிலம் புழக்கத்தில் பரப்பிய சொல். ஆக்ஸ்ஃபோர்டு அகராதியிலும் ஏறிவிட்டது. ஒரு மீட்டிங்கை முன்னால் இழுக்க வேண்டும் என்று நமக்குத் தோன்றியிருக்கிறது. ஆங்கிலேயருக்கு அந்தத் தேவையே எழவில்லை போலும். ‘டூ த நீட்ஃபுல்’ அவர்கள் இங்கே போட்டுவிட்டுப் போன பழைய கச்சேரிப் பாஷை. அதையே நாம் மெயிலில் எழுதி அனுப்பினால் சிரிக்கிறார்கள்.

புறனடை

இக்கோட்பாட்டுக்கு அடங்காத ஒரு தொடர் உண்டென்பதை நேர்மையுள்ள ஆய்வாளர் மறைக்கக்கூடாது. எந்த நாற்காலியிலிருந்து சொன்னாலும் பொருள் மாறாதது. மேலிருந்து கீழும், கீழிருந்து மேலும், லண்டனிலும் டல்லஸிலும் ஒரே பொருள் தருவது. நேற்றுச் சேர்ந்த டிரெய்னி வைஸ் பிரெசிடென்ட்டைப் பார்த்துச் சொல்லலாம், சொன்ன உடனே அவர் பணிந்து கேட்டுக்கொள்வார், கூடவே நன்றியும் சொல்வார்: ‘யூ ஆர் ஆன் மியூட்.’