லோடு அண்ணன்

மூலக்கடை டீக்கடைப் பக்கம் போனால் பார்க்கலாம்: லாரியை விட்டு இறங்கி வருஷக்கணக்கானாலும் காக்கிச் சட்டையை விடாத ஒருவர் நிற்பார். கொடுங்கையூரில் தெருவுக்கு ஒரு லோடு அண்ணன் உண்டு. துறைமுகம், மணலி, எண்ணூர் என்று ஓட்டித் தேய்ந்தவர். உலகம் அவருக்கு இரண்டே நிலைதான்: லோடு, இல்லாவிட்டால் காலி.

மெட்ரோ வாட்டர் லாரி தெருவில் நுழைந்தால், "ஒம்பதாயிரம் லிட்டர் லோடுபா. பாதித் தெருவுக்கே வராது" என்பார். குப்பைமேட்டுக்கு மாநகராட்சி டிப்பர் போகும்போது எல்லாரும் மூக்கைப் பிடிப்பார்கள். அண்ணன் பின் டயரைப் பார்ப்பார். "படுத்துக்கினு கீது பாரு, ஓவர்லோடு." ஏசி வாங்கினவருக்கு, "மொதல்ல ஈபில லோடு ஏத்துப்பா" என்று அறிவுரை. ராத்திரி தள்ளாடிப் போகிறவர் ஃபுல் லோடு. மருமகனுக்கு வேலை போனபோது, "இப்போதைக்கு லோடு இல்ல" என்றார். வேறெப்படிச் சொல்லியிருந்தாலும் அந்தப் பையன் குறுகிப்போயிருப்பான். பேரனின் போன் மீது மட்டும்தான் கோபம். "லோடு ஆவுது, லோடு ஆவுதுன்றான். ஏத்தவும் இல்ல, எறக்கவும் இல்ல. இன்னாடா லோடு இது?"

அபராதக் கணக்கு அவருக்குத் தலைகீழ்ப் பாடம். 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியதில் ஓவர்லோடுக்கு 2,000 ரூபாயாக இருந்தது 20,000 ஆனது. கூடுதலாக ஏற்றும் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 தனி. கல்யாணப் பந்தியில் மூன்றாம் முறை பிரியாணி கேட்கிறவருக்கு இதை உரக்கச் சொல்லுவார். அண்ணன் இலையில் ஏறுவது எந்த எடைமேடைக்கும் போனதில்லை.

ஆனால் அவருடைய வேதம் ரிட்டர்ன் லோடுதான். காலியாகத் திரும்பினாலும் டீசல் குடிக்கும், டோல் கேட்கும் அல்லவா? அதனால் சாவு வீட்டுக்குப் போனால்கூட ஒரு ஜாதகத்தோடுதான் திரும்புவார். ஒருமுறை சண்டை முற்றி, அண்ணியைத் திருவொற்றியூரில் தாய்வீட்டில் இறக்கிவிட்டு வந்தார். வரும்போது லோடு ஆட்டோவில் மாமியார் உட்கார்ந்திருந்தார், தலையணையோடு.

"காலியா எப்படிபா வர்றது?"

அண்ணி இரண்டே நாளில் தானாகத் திரும்பிவிட்டார். மாமியார்தான் இன்னும் அன்லோடு ஆகவில்லை.