கடைசிப் பக்கத்து ரசிகர்

நாவல் வாசிப்பவர்களை அவர் பொருட்படுத்துவதே இல்லை. "கட்டுக்கதைக்கெல்லாம் நமக்கு எங்கே ஐயா போது? சரித்திரம், சுயசரிதை, யாத்திரை என்று நிஜமாக நடந்த சங்கதி ஏதாவது இருந்தால் கொடும்" என்று சொல்லிக்கொண்டே, என் மேஜையின்மீது இருப்பவற்றுள் மிகக் கனமான புஸ்தகமாகப் பார்த்து எடுப்பார்; எடுத்தவர், கிரந்தகர்த்தா பல மாதம் யோசித்துச் சூட்டிய தலைப்பையோ, பெரிய மனிதர் ஒருவரிடம் நடையாய் நடந்து வாங்கிய முன்னுரையையோ ஏறெடுத்தும் பாராமல், பந்தியில் பாயசத்திலிருந்து தொடங்கும் குழந்தையைப்போல் நேரே கடைசிப் பக்கங்களுக்குப் போய்விடுவார். அங்கேதான் பெயரகராதி இருக்கிறது. மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு உயர்த்திக்கொண்டு, ஆள்காட்டி விரலை அகர வரிசையின் மேல் மெள்ள மெள்ள இறக்கி, ஓரிடத்தில் நிறுத்தி, மேலே இரண்டு வரியும் கீழே இரண்டு வரியும் பார்ப்பார். அவருடைய கிராமத்தின் பெயர் அங்கே இராது. புஸ்தகம் டப்பென்று மூடிக்கொள்ளும். "ஆள் உழைக்கவில்லை" என்ற அபிப்பிராயம், ஒரு வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவும் நேரத்துக்குள் ஜனித்து, அன்று மாலைக்குள் தெருவெங்கும் பிரசாரமாகிவிடும்.

இந்த முறையில் அவர் பரிசீலித்துத் தள்ளிய நூல்களைக் கொண்டு நல்ல வாசகசாலை ஒன்று வைத்துவிடலாம். நீலகண்ட சாஸ்திரியார் 1935-லும் 1937-லுமாக இரண்டு பாகங்களில் வெளியிட்ட சோழர் சரித்திரத்தைப் பற்றி, "கல்வெட்டுக் கல்வெட்டாகப் பார்த்த மனுஷருக்கு நம் ஊர்க் கோயில் கண்ணில் படவில்லையே!" என்பது அவர் தீர்ப்பு, அந்தக் கோயிலைக் கட்டியவர் தம்முடைய தகப்பனாரே என்பதை அவர் ஒரு தடையாகக் கருதவில்லை. ஆனந்தரங்கப் பிள்ளை, துய்ப்ளேக்ஸ் துரைக்குத் துபாஷாக இருந்த காலம் உட்பட, 1736 முதல் 1761 வரையில் கப்பல் வந்ததும் போனதும் கடைத்தெரு வம்பும் விடாமல் எழுதிவைத்த தினசரியில் காரைக்கால் வருகிறது, காரைக்காலுக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கும் தம் ஊர் வராததற்கு, "அந்தக் காலத்திலேயே கட்சி ஐயா!" என்று காரணம் கண்டுபிடித்தார். மகாத்மாவையும் அவர் விட்டாரில்லை. 1927-ஆம் வருஷத்துத் தமிழ்நாட்டுச் சுற்றுப்பிரயாணத்தில் மகாத்மா ஏறிவந்த ரயில் தம் ஊர் ஸ்டேஷனில் இரண்டு நிமிஷம் நின்றது என்பது அவர் சாதிப்பு. சத்திய சோதனையின் கதை 1920-ஆம் வருஷத்து நாகபுரிக் காங்கிரஸோடு நின்றுவிடுகிறதே என்று நான் எடுத்துக்காட்டியபோது, சற்றும் அசராமல், "அதைத்தான் நானும் சொல்கிறேன், நிறுத்துகிற இடமா அது?" என்றார். ரோமாபுரி சாம்ராஜ்யத்தின் வீழ்ச்சியை ஆறு பாகங்களில் எழுதிய கிப்பனுக்கு மட்டும், தூரத்தை உத்தேசித்து, மன்னிப்பு உண்டு.

வாங்கிய புஸ்தகத்தைத் திருப்புவதில் அவருக்குள்ள தாமதத்தையும், அடையாளத்துக்குத் தாளின் மூலையை மடிக்கும் வழக்கத்தையும் நான் இங்கே பிரஸ்தாபிக்கப்போவதில்லை.

ஒரே ஒரு நூலிடம் அவருக்குப் பக்தி. சாமிநாதையர் 1903-இல் கும்பகோணத்தை விட்டுச் சென்னைக்கு மாறிப்போன பிறகு, ஏடு தேடிக்கொண்டு ஒரு தடவை தஞ்சைப் பக்கம் வந்தபோது, இவருடைய பாட்டனார் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து ஒரு செம்பு மோர் அருந்தினார் என்பது குடும்பத்து ஐதீகம். என் சரித்திரத்தில் அந்த மோர் இல்லை. ஆனால் ஐயரவர்கள் 1940 முதல் ஆனந்த விகடனில் எழுதிவந்த அந்த வரலாறு, 1942-இல் அவர் காலமாகிவிட்டபடியால் முற்றுப்பெறாமலே நின்றுபோயிற்றல்லவா? "இன்னும் ஒரு வருஷம் இருந்திருந்தால் நம் திண்ணைக்கு வந்திருப்பார் ஐயா" என்று சொல்லும்போது அவர் குரல் தழுதழுக்கும். நாட்டில் முடிவு பெறாத நூல் ஒன்றிரண்டு இருப்பது நல்லதுதான் என்று அப்போது எனக்கும் தோன்றும்.

இவ்வளவும் பிறர் நூல்களின் கதி. காவிரிக்கரை ஊர்களைப் பற்றி நானும் 240 பக்கத்தில் ஒரு புஸ்தகம் எழுதி வெளியிட்டேன். அதற்கு இரவு பகலாக உட்கார்ந்து நான் தயாரித்திருந்த அகராதியை, "இன்னும் ஒரு பாரம் கூடும், காகிதம் விற்கிற விலையில் இது யாருக்கு வேண்டும்?" என்று பதிப்பாளர் கடைசி நேரத்தில் எடுத்துவிட்டார். நம் ரசிகர் வழக்கம்போல் பின்புறத்தைத் திறந்தார். அங்கே அகராதிக்குப் பதிலாக ஜோதிட நூல்களின் விலைப்பட்டியல் இருந்தது. விரலை இறக்க இடமின்றி, வழி தவறிய யாத்திரிகரைப்போல் சிறிது நேரம் விழித்தவர், ஒன்றும் பேசாமல் புஸ்தகத்தை வீட்டுக்குக் கொண்டுபோனார். இருபது நாள் கழித்து அது தானாகவே திரும்பி வந்தபோது, வேறு வழியில்லாமல் அவர் முதல் பக்கத்திலிருந்து ஒவ்வொரு வரியாகத் தம் ஊரைத் தேடியிருக்கிறார் என்பது தெரிந்தது. ஒரு வாய்க்கால் பிரியும் இடத்தை நான் தவறாகச் சொல்லியிருந்ததும், ஒரு திருவிழாவை வேறு மாதத்துக்குத் தள்ளியிருந்ததும் பென்சிலால் திருத்தப்பட்டிருந்தன. இரண்டும் நியாயமான திருத்தங்கள். கடைசிப் பக்கத்தின் அடியில், "ஊர் இல்லை. தேடியதில் கண் போயிற்று" என்று எழுதியிருந்தார். பத்திரிகைகளில் மதிப்புரை எழுதியவர்களெல்லாம் முன்னுரையோடு நின்றுவிட்டதனால், அந்தப் புஸ்தகத்தை முழுவதும் வாசித்தவர் இந்த லோகத்தில் அவர் ஒருவரே.

அன்றுமுதல் எனக்கு அவரைப் பரிகசிக்க வாய் வரவில்லை. அவருடைய கோபத்தில் பாதி, இறங்கவேண்டிய இடத்தில்தான் இறங்குகிறது. பழந்தமிழ் நூல்களை அச்சேற்றிய சாமிநாதையர், அருஞ்சொல்லுக்கு ஒன்று, பெயருக்கு ஒன்று, விஷயத்துக்கு ஒன்று என்று அகராதிகளைத் தொகுத்துச் சேர்த்தது பொழுது போகாமல் அல்ல. தேடி வருகிறவன் வெறுங்கையோடு திரும்பக்கூடாது என்ற காருண்யத்தினால். அவரைப் புகழ்ந்து மேடைக்கு மேடை பேசுகிற நாம், எண்ணூறு பக்கத்தில் சரித்திரம் எழுதிவிட்டு, ஒரு பெயர் வேண்டியவன் எண்ணூறு பக்கத்தையும் புரட்டிச் சாகட்டும் என்று விட்டுவிடுகிறோம். இது சிக்கனம் அன்று, வாசகனிடத்தில் மரியாதையின்மை. விலைப்பட்டியலுக்குக் கிடைக்கிற காகிதம் அகராதிக்குக் கிடைக்காதா?

என்னுடைய அடுத்த நூலுக்கு அகராதி இப்போதே தயார். அவருடைய ஊரும் அதில் எழுத்துப்பிழையின்றி இடம்பெற்றிருக்கிறது. பக்க எண் மட்டும் போடவில்லை. நூலை இனிமேல்தான் எழுதவேண்டும்.