இன்மை அறிக்கை

தலைமை ஆசிரியர் என்றால் பாடம் நடத்துவதில் தலையானவர் என்று வெளியில் நினைத்துக்கொள்கிறார்கள். பதவி உயர்வு ஆணை கைக்கு வரும்வரை நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அரசு நடுநிலைப் பள்ளியின் அந்த நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் அது கடிதம் எழுதுகிற வேலை என்று புரிந்தது. அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை என்று வரிசை பிசகாமல் எழுதத் தெரிந்தால் பாதி சர்வீஸ் ஓடிவிடும். மேலிருந்து வரும் தபால் எல்லாமே 'மிகவும் அவசரம்'தான். கேட்ட விவரம் பள்ளியில் இல்லாவிட்டாலும் விடமாட்டார்கள். இல்லை என்று ஓர் 'இன்மை அறிக்கை' கொடுத்தாக வேண்டும். கால அட்டவணையில் என் பெயருக்கும் சில கணக்குப் பாடவேளைகள் இருந்தன. எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் அந்த நேரத்தில் பந்தை எடுத்துக்கொண்டு மைதானத்துக்குக் கிளம்பிவிடுவார்கள். சார் வரமாட்டார் என்ற அவர்கள் கணிப்பு பெரும்பாலும் பொய்க்கவில்லை.

ஆனால் பதிவேடு என்று வந்தால் என்னை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. ஆண்டாய்வுக்கு வந்த அலுவலர்கள் என் கையெழுத்தைப் பார்த்தே பாதி திருப்தி அடைந்துவிடுவார்கள். நான் சறுக்கிய இடங்கள் எல்லாம் பதிவேட்டுக்கு வெளியேதான்.

சத்துணவை எடுத்துக்கொள்ளுங்கள். எம்.ஜி.ஆர். 1982இல் தொடங்கிய திட்டம். பிள்ளைகளுக்குப் பரிமாறும் முன் பெரியவர் ஒருவர் சாப்பிட்டுப் பார்த்து, அதற்கென உள்ள பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். வேலை மிச்சமாகட்டும் என்று ஒரு திங்கட்கிழமை காலையிலேயே வெள்ளி வரைக்கும் 'சுவை நன்று' என்று எழுதி வைத்துவிட்டேன். சமையல்கார அம்மா நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "நாளைக்கு என்ன ஆக்கப்போறோம்னு எனக்கே தெரியாது. உங்களுக்கு எப்படி சார் நல்லாருந்துச்சு?" என்றார். சிரித்து மழுப்பினேன். 2013இல் பீகாரில் பூச்சிமருந்து கலந்த மதிய உணவைச் சாப்பிட்டு 23 குழந்தைகள் இறந்த செய்தியைப் படித்த அன்று அந்தச் சிரிப்பு நினைவுக்கு வந்து, இரவு தூக்கம் பிடிக்கவில்லை. அதன்பின் சாப்பிட்டுவிட்டுத்தான் எழுதினேன். ஒருநாள் உள்ளபடியே 'உப்பு குறைவு' என்று எழுதிவிட்டேன். ஏன் குறைந்தது என்று விளக்கம் கேட்டுத் தபால் வந்தது. மறுநாளிலிருந்து சாப்பிட்டுவிட்டு, 'சுவை நன்று'.

அடுத்தது நுண்ணோக்கி. பள்ளிக்கு வந்த ஒரே நுண்ணோக்கியை இருப்புப் பதிவேட்டில் ஏற்றினேன். உடைந்தால் யார் பதில் சொல்வது? பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை என் மேசை அறைக்குள் போட்டேன். ஆண்டுதோறும் சரிபார்த்து 'இருப்பில் உள்ளது, நல்ல நிலையில்' என்று எழுதினேன். புதிதாக வந்த அறிவியல் ஆசிரியை, வெங்காயத் தோலைக் காட்ட வேண்டும் என்று பிடிவாதமாகச் சாவியைக் கேட்டார். எடுத்துப் பார்த்தால் லென்ஸ் முழுக்க வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை படர்ந்திருந்தது. குமிழைத் திருகினால் அசையவில்லை. சுற்றி நின்ற பிள்ளைகளில் ஒருத்தி மட்டும் கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு, "ஏதோ தெரியுது டீச்சர்" என்றாள். அவளுக்குத் தெரிந்தது பூஞ்சைதான். அந்த ஆண்டும் 'நல்ல நிலையில்' என்று எழுதினேனா என்று கேட்காதீர்கள்.

பள்ளி விவரங்களை ஏற்றும் எமிஸ் இணையதளம் வந்ததும் என் கையெழுத்துக்கு மவுசு போய்விட்டது. வருகைப் பதிவு முதல் விலையில்லாச் செருப்பின் அளவு வரை கணினியில் ஏற்ற வேண்டும் என்றானது. கடவுச்சொல்லை மறந்து மறந்து மாற்றியதில், கடைசியில் அது ஓர் இளைய ஆசிரியருக்கு மட்டுமே தெரிந்த ரகசியமாக இருந்தது. அவர் விடுப்புக் கேட்டால் மறுக்கும் தைரியம் எனக்கு இருந்ததில்லை.

இதையெல்லாம்விடப் பெரிய காரியம் ஒன்று உண்டு. இளவயதில் கிராமத்து ஈராசிரியர் பள்ளி ஒன்றில் பொறுப்பில் இருந்தேன். பிறப்பைப் பதிவு செய்யும் சட்டம் 1969லேயே வந்துவிட்டது. ஆனால் அந்த ஊர்த் தாய்மார்களிடம் சான்று ஏதும் இருக்காது. பையனை நிறுத்தி, கையைத் தலைக்கு மேலாகச் சுற்றி மறுபக்கக் காதைத் தொடச் சொல்வோம். தொட்டுவிட்டால் ஐந்து வயது. "என்னிக்கும்மா பொறந்தான்?" என்று கேட்டால், "ஆடி அமாவாசைக்கு மறுநாள் சார், கம்மா ஒடைஞ்ச வருசம்" என்பார்கள். அமாவாசையைத் தேதியாக மாற்ற எனக்கு ஏது பொறுமை? ஜூலை 31க்குள் ஐந்து முடிந்திருந்தால் போதும். எல்லாருக்கும் ஜூன் 1 என்று எழுதினேன். என்னுடைய தலைமை ஆசிரியர் எனக்குச் செய்ததும் அதேதான்.

அதன் விளைவு எனக்கே பின்னால்தான் புரிந்தது. மாதத்தின் முதல் தேதியில் பிறந்த அரசு ஊழியர் முந்தைய மாதக் கடைசி நாளிலேயே ஓய்வு பெற வேண்டும். 58 வயதில் வீட்டுக்குப் போயிருக்க வேண்டிய எனக்கு, ஓய்வு வயதை 2020இல் 59 என்றும் 2021இல் 60 என்றும் உயர்த்தி, மேலும் இரண்டு ஆண்டு தவறு செய்ய அரசே வாய்ப்புக் கொடுத்தது. அப்படியும் மே 31 அன்று மாலை போட்டு அனுப்பிவிட்டார்கள். அரசு வேலையில் இருக்கும் பழைய மாணவன் ஒருவன் சென்ற மாதம் கடைவீதியில் மறித்தான். "ரெண்டாந் தேதின்னு எழுதியிருந்தா எனக்கு ஒரு மாசச் சம்பளம் கூட வந்திருக்கும் சார்" என்றான். ஓய்வு பெற அவனுக்கு இன்னும் எத்தனையோ ஆண்டு இருக்கிறது. இப்போதே கணக்குப் போட்டு வைத்திருக்கிறான். பள்ளியில் கணக்கில் பலவீனமானவன் என்று நான்தான் அவன் ரேங்க் கார்டில் எழுதினேன்.

ஆகவே, ஜூன் 1 அன்று பிறந்தநாள் வாழ்த்து வாங்கும் என் பழைய மாணவர்களே, அம்மாவோ அத்தையோ இருக்கும்போதே உண்மைத் தேதியைக் கேட்டுக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். சான்றிதழில் திருத்தித் தரச் சொல்லி மட்டும் என்னிடம் வராதீர்கள். அரசு ஊழியர் என்றால், பணியில் சேர்ந்த 5 ஆண்டுக்குள் மனுப் போட்டிருக்க வேண்டும்.