ஒரு அத்தியாயத்துக்கு ஆறு தார்

எங்கள் ஊருக்கு நான்கு பெயர். பஸ்ஸின் நெற்றியில் செய்யாறு. வாய்ப்பேச்சில் செய்யார். வீட்டுவரி ரசீதில் திருவத்திபுரம். தேவாரத்தில் திருவோத்தூர். இதில் கடைசிப் பெயர்தான் எனக்குப் பெருமை. ஓத்து என்றால் வேதம். சிவபெருமான் தேவர்களையும் முனிவர்களையும் உட்காரவைத்து வேதம் ஓதுவித்த இடம் என்பது தலபுராணம். பெயரிலேயே பள்ளிக்கூடத்தைச் சுமந்துகொண்டிருக்கும் ஊர் தொண்டை நாட்டில் வேறு இருக்கிறதா, தெரிந்தவர்கள் சொல்லலாம்.

இன்னொன்றும் உண்டு. இங்கே அடியார் ஒருவர் வைத்த பனைகள் எல்லாம் ஆண்பனையாகப் போய்விட, ஊரார் கேலி செய்ய, திருஞானசம்பந்தர் பதிகம் பாடி அவற்றைக் குலை தள்ள வைத்தார். பனையோலைதான் அந்தக் காலத்துக் காகிதம் என்பதால் இதையும் படிப்புக் கணக்கில் சேர்க்கலாம் என்று பார்த்தேன். சேராது. ஓலை ஆண்பனையிலும் வரும். வராதது நுங்குதான். எழுத ஓலை தாராளமாக இருந்தும் தின்ன நுங்கு இல்லையே என்று ஏங்கிய ஊர் இது. அந்த ஏக்கம் ஏழாம் நூற்றாண்டோடு தீர்ந்துவிடவில்லை.

சென்னையில் பத்திரிகை நடத்தும் நண்பர் போன் செய்தார். “உங்க ஊர் ஜனங்க இப்ப என்ன படிக்கறாங்க, அது பிடிச்சிருக்கா? நாலு பேரைக் கேட்டு எழுதுய்யா.” வேதம் ஓதிய ஊரில் இதற்கா பஞ்சம் என்று நாற்பது பக்க நோட்டு ஒன்றை வாங்கிக்கொண்டு கிளம்பினேன்.

பேருந்து நிலையத்திலேயே தமிழ் என்னைக் கவிழ்த்துவிட்டது. முதுகில் பையோடு நின்ற ஒரு பையனிடம், “என்ன தம்பி படிக்கிறே?” என்றேன்.

“பி.காம். சார். அண்ணா ஆர்ட்ஸ் காலேஜ்.”

“எப்படி இருக்கு?”

“மூணு அரியர் சார்.”

தமிழில் ‘படி’ என்ற சொல்லுக்குள் பரீட்சை ஒளிந்திருக்கிறது. பத்து வயதுப் பிள்ளை கதைப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தால், “படிக்காம என்னடா பண்ணிக்கினு இருக்க?” என்று கேட்கிற மொழி நம்முடையது. எனவே தெளிவாகக் கேட்டேன்: “பாடம் இல்ல தம்பி. கதை, நாவல்னு ஏதாவது?” பையன் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுச் சொன்னான்: “சேச்சே, அந்தப் பழக்கமெல்லாம் இல்ல சார்.”

டீக்கடையில் நிலைமை மேல். அங்கே ஒரே தினத்தந்தியை ஆறு பேர் பங்கு போட்டுப் படிக்கிறார்கள். கொலைச் செய்தி படிப்பவருக்குக் கொலையாளி அகப்பட்ட பக்கம் கிடைக்காது. அது எதிர் பெஞ்சில் இருக்கும். மூலையில் இருந்த பெரியவர் மட்டும் பங்குச் சண்டையில் கலந்துகொள்ளவில்லை. அவருக்கு வேண்டியது கன்னித்தீவு. 1960இல் தொடங்கிய படக்கதை. தான் மூன்றாம் வகுப்பில் எழுத்துக் கூட்ட ஆரம்பித்ததே அதில்தான் என்றார். ஒரே கதையை இத்தனை ஆண்டு விடாமல் தொடரும் வாசகர் உலக இலக்கியத்தில் எத்தனை பேர் இருப்பார்கள்? “எப்படிங்க ஐயா இருக்கு?” என்றேன் பயபக்தியோடு.

“இப்பதான் சூடு புடிக்குது” என்றார்.

அடுத்தது கிளை நூலகம். 1948ஆம் ஆண்டு பொது நூலகச் சட்டப்படி சொத்துவரியில் ரூபாய்க்கு 10 காசு நூலக வரி. வீடு கட்டிய ஒவ்வொருவரும் அந்த அளவுக்குத் தமக்குத் தெரியாமலேயே படிப்பாளிகள். உள்ளே உட்கார இடமில்லை. அடடா என்று மனம் பூரித்து எட்டிப் பார்த்தால், அத்தனை பேரும் குரூப் 4. தடித்த நாவல் ஒன்று, மின்விசிறிக் காற்றில் குறிப்புத் தாள் பறக்காமல் இருக்கப் பாரமாக உட்கார்ந்திருந்தது. புத்தகம் என்பது பயன்படுவதற்கே என்று 1931இல் எழுதிய ஐந்து விதிகளில் முதல் விதியாகவே வைத்தார் சீர்காழி எஸ்.ஆர். ரங்கநாதன். எப்படிப் பயன்பட வேண்டும் என்று அவர் கறார் பண்ணவில்லை.

அந்தத் தாள்களுக்குச் சொந்தக்காரப் பெண்ணிடம், எங்கள் பக்கத்துக்குப் பொருத்தமாக இருக்கட்டுமே என்று, “பஞ்சும் பசியும் தெரியுமாம்மா?” என்று கேட்டேன்.

“தொ.மு.சி. ரகுநாதன். 1953. கைத்தறி நெசவாளர் வாழ்க்கை.” மூச்சுவிடாமல் வந்தது.

“படிச்சிருக்கியா? எப்படி இருக்கு?”

“கேக்க வாய்ப்பு இருக்கு சார்.”

“இல்லம்மா, கதை எப்படி இருக்கு?”

“அவ்வளவு உள்ள போகத் தேவையில்ல சார். நூல், ஆசிரியர், ஆண்டு. பொருத்துகவுக்கு அது போதும்.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை, பயம்தான் வந்தது. நூல், ஆசிரியர், ஆண்டு என்கிற அதே பாடத்திட்டத்தை வைத்துக்கொண்டு முப்பது வருஷம் இலக்கியக் கூட்டங்களில் தலையாட்டி வந்தவன் நான். அவளுக்காவது அரசாங்க வேலை கிடைக்கும்.

மறுநாள் ஆரணி. அங்கே போகும்போது எனக்குள் ஒரு ரகசியக் கர்வம் உண்டு. நூறு வருஷத்துக்கு முன்னால் தமிழ்நாட்டையே துப்பறியும் நாவல் படிக்க வைத்தவர் பெயரில் அந்த ஊர் ஒட்டிக்கொண்டிருக்கிறது: ஆரணி குப்புசாமி முதலியார். ஆனந்தபோதினி பத்திரிகைக்கு ஆசிரியர். ஆங்கில நாவல்களைத் தழுவி டஜன் கணக்கில் எழுதித் தள்ளியவர். வெள்ளைக்காரத் துப்பறிவாளனுக்கு ஆனந்தசிங் என்று பெயர் வைத்து நம்மூருக்குக் கூட்டி வந்தவர். ‘இரத்தினபுரி இரகசியம்’ என்று பாகம் பாகமாக எழுதி, வீட்டுக்கு விளக்கெண்ணெய்ச் செலவை ஏற்றியவர். காந்தி ரோடு பக்கம் ஒரு பட்டுக் கடையில் நுழைந்து, “ஆரணி குப்புசாமி முதலியாரைத் தெரியுமா?” என்று கேட்டேன்.

கடைக்காரர் பேரேட்டை எடுத்துவிட்டார். “எந்தத் தெரு? பாக்கி ஏதாவது இருக்குதா?”

பாக்கி இருக்கத்தான் செய்கிறது, நம் தரப்பில் என்று சொல்ல வந்தேன். அவர் அதற்குள் அடுத்த வாடிக்கையாளருக்கு முந்தியை விரித்துவிட்டார்.

திரும்பும் வழியில் என் தாய்மாமன் வீடு. நெசவாளர் தெரு. குழித்தறியில் இடுப்பு வரைக்கும் இறங்கி உட்கார்ந்திருந்தார் மாமா. கால் மிதியில், ஒரு கை நாடாக் கயிற்றில், ஒரு கை பலகையில், கண் இழையில். உடம்பில் வேலையில்லாத உறுப்பு காது ஒன்றுதான். இவரிடம் போய் என்ன படிக்கிறீர்கள் என்று எப்படிக் கேட்பது? கூச்சத்தோடுதான் கேட்டேன்.

“நான் எங்க மாப்ள படிக்கறது? அஞ்சாவதோட சரி. சும்மா கேட்டுகினு இருப்பேன்.” தறிக்கு மேலே தொங்கிய போனைத் தாடையால் காட்டினார். யூடியூபில் யாரோ பொன்னியின் செல்வன் வாசித்துக்கொண்டிருந்தார்கள். கல்கி 1950இலிருந்து வாரா வாரம் எழுதி 1954இல் முடித்தது; ஐந்து பாகம். மாமாவுக்கு இது மூன்றாம் முறை.

“தறிச் சத்தத்துல எப்படி மாமா காதுல வுழுது?”

“அடிக்கு ஒரு வார்த்தை போயிடும். கல்கி தாராளமா எழுதியிருக்காரு, கட்டுப்படி ஆவுது.”

இதைவிடச் சுருக்கமான கல்கி விமர்சனம் எனக்குத் தெரிந்து வந்ததில்லை. நான் ஒருமுறை மௌனியின் கதை ஒலிப்பதிவு ஒன்றை அனுப்பி வைத்திருந்தேன். மொத்தமே 24 கதை எழுதியவர், சொல்லைத் தராசில் நிறுத்துப் போட்டவர். “உன் ஆளையும் கேட்டம்பா. தறி ஓடினப்புறம் ஒண்ணும் மிஞ்சல” என்றார் மாமா.

பாகத்துக்கு ஒரு புடவை என்று கணக்கு வைத்திருக்கிறார். புது வெள்ளம் மாம்பழக் கலரில் பச்சை பேட்டு. சுழற்காற்று அரக்கு. கொலை வாள் மயில் கழுத்துக் கலர். அது முகூர்த்தப் புடவை ஆர்டர். எங்கோ ஒரு மணப்பெண் கொலை வாளைக் கட்டிக்கொண்டு மணையில் உட்கார்ந்திருக்கிறாள், மாப்பிள்ளைக்கு விஷயம் தெரியாது. ஆதித்த கரிகாலன் செத்த அன்றைக்கு மாமாவுக்கு மிதி தப்பி, நாலு இழை அறுந்து, முடிச்சுப் போட அரை நாள் ஆனதாம். கூலியில் பிடித்த பணத்தைக் கல்கியின் பேரில்தான் எழுதி வைத்திருக்கிறார்.

“குறை ஏதாவது?”

“ரெண்டு கீது. காஞ்சிலேர்ந்து கிளம்பின வந்தியத்தேவனை நேரா வீராணம் ஏரிக்கரையில கொண்டாந்து நிறுத்திட்டாரு. நடுவுல நம்ம செய்யாத்துல ஒரு வாய் தண்ணி குடிச்சிருந்தா குதிரை செத்தா போயிடும்? ரெண்டாவது, கரிகாலனைக் கொன்னவன் யாருன்னு சொல்லாமயே தறியிலேர்ந்து அறுத்துட்டாரு. முந்தி நெய்யாத புடவையை நான் கொண்டுபோய்க் குடுத்தா முதலாளி வாங்குவானா?”

முடிவுரையில் கல்கி சமாதானம் சொல்லியிருக்கிறாரே என்றேன். “அது குஞ்சம்பா. முந்தி இல்ல” என்றார்.

மாமாவின் தலைக்கு மேல் ஜக்கார்டு பெட்டி. துளை போட்ட அட்டைகள் சங்கிலியாகத் தொங்குகின்றன. துளையைப் பார்த்துப் பெட்டி எந்த இழையைத் தூக்குவது என்று முடிவு செய்யும். பிரெஞ்சுக்காரர் ஜக்கார்டு 1804 வாக்கில் செய்த ஏற்பாடு. அந்த வீட்டில் ஒரு வரி விடாமல், வரிசை மாறாமல், தினமும் வாசிப்பது அதுதான். இதுவரை அது எந்தக் கருத்தும் சொன்னதில்லை. வாசகர்களில் ஒரு தங்கம்.

அத்தை ராட்டையில் தார் சுற்றிக்கொண்டிருந்தாள். அவள் படிப்பது போனில் வரும் குடும்பத் தொடர்கதை. ஒரு கை சக்கரத்தில், ஒரு கை நூலில். பக்கத்தை எப்படித் தள்ளுவது? போனைத் தரையில் வைத்துக் கால் கட்டைவிரலால் தள்ளுகிறாள். ஆரம்பத்தில் சரஸ்வதியைக் காலால் தொடுகிறோமே என்று பக்கத்துக்குப் பக்கம் கன்னத்தில் போட்டுக்கொண்டதில், ஒரு நாளைக்கு இரண்டு தார் குறைந்துவிட்டதாம். பிறகு போனில் சரஸ்வதி கிடையாது என்று தீர்மானித்துவிட்டாள். ஆயுத பூஜை அன்று மட்டும் அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்துவிடுவாள், பழைய பாக்கி.

“ஒரு அத்தியாயத்துக்கு ஆறு தார் வரும்” என்றாள். பக்கக் கணக்கைவிட நம்பகமான அளவு. கதை எப்படி என்றதற்கு, “அந்தப் பொண்ணுக்கு மூளையே கிடையாதுப்பா. அறையலாம் போல வருது. ஆனா கீழ வைக்க முடியல” என்றாள். நாவல் புத்தகமாகக் கையில் வந்தால் கடைசிப் பக்கத்தைப் படித்துவிட்டுத்தான் முதல் பக்கத்துக்கு வருவாள். “முந்தி இன்னான்னு தெரியாம யாராவது பாவு போடுவாங்களா?”

வள்ளுவர் 40ஆம் அதிகாரத்தில் கல்வியையும் 42ஆம் அதிகாரத்தில் கேள்வியையும் வைத்திருக்கிறார். மாமா 42. எங்கள் ஊர்ப் பெயரில் இருக்கும் ஓத்தும் அந்த வகைதான். எழுதிப் படித்ததல்ல, ஓதக் கேட்டது. அப்படியானால் 41? அது கல்லாமை. அங்கே யார் குடியிருப்பது என்ற விவரம் அடுத்த நிமிஷத்தில் வெளிவந்தது.

“நீ இன்னா மாப்ள படிக்கற?”

“விஷ்ணுபுரம் மாமா.”

“எப்படி கீது?”

“பிரமாதம்.”

“எது வரைக்கும் வந்திருக்க?”

பொய் சொல்லியிருக்கலாம். பைக்குள் புத்தகம் இருந்ததை அத்தை பார்த்துவிட்டாள், எடுத்தும் விட்டாள். 47ஆம் பக்கத்தில் அடையாளத்துக்கு வைத்த பஸ் டிக்கெட் கீழே விழுந்தது. மாமா தறியை நிறுத்தினார். டிக்கெட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். 2018 ஜனவரியில் பஸ் கட்டணம் ஏறியதே, அதற்கு முந்தைய விலை அதில் இருந்தது.

“பிரமாதம்தான்” என்றார்.

அத்தைதான் காப்பாற்றினாள். “சும்மா வெச்சிக்கினு இருக்கறதுக்கு, வந்து எங்களுக்குப் படிச்சாவது காட்டேன்.”

இப்போது வாரத்தில் மூன்று சாயங்காலம் தறிக்குழி ஓரம் உட்கார்ந்து உரக்கப் படிக்கிறேன். விஷ்ணுபுரத்துக்கு இவ்வளவு பட்டு நூல் கிடையாது என்று மாமா சொல்லிவிட்டதால், நூலகத்துப் பெண் தேடிக் கொடுத்த பஞ்சும் பசியும். அவளே இரவல் வாங்கிக் கொடுத்தாள். முதல் அத்தியாயத்தையும் படித்துவிட்டாளாம், சிலபஸுக்கு வெளியே. தறிச் சத்தம் அதிகமான இடங்களில் ஒரே வரியை இரண்டு முறை படிக்கிறேன். “நூல் கிடைக்காம அவனுங்க படற பாடு எங்கப்பா சொன்னது மாதிரியே கீது. ஆனா ரகுநாதன் ஆளுங்க நிறைய பேசறானுங்க. தறியில ஒக்காந்தவன் எங்க பேசறான்?” என்பது இதுவரைக்குமான தீர்ப்பு. அடுத்து வந்தவாசி அ. வெண்ணிலாவின் சாலாம்புரி வரிசையில் இருக்கிறது. பக்கத்து ஊர்க்காரர் என்பதால் மாமா கொஞ்சம் கடுமையாகத்தான் இருப்பார்.

அதற்குப் பிறகு ஆரணியாரைப் படித்துக் காட்டலாம் என்று ஆசை. ஆனந்தசிங் குதிரையில் ஏறினால் ஒரு புடவை சீக்கிரம் முடியும். உங்கள் வீட்டுப் பரணில் ‘இரத்தினபுரி இரகசியம்’ ஏதாவது ஒரு பாகம் கிடந்தால், தயவுசெய்து தூக்கிப் போட்டுவிடாதீர்கள். எனக்குச் சொல்லி அனுப்புங்கள். எலி கடித்திருந்தாலும் பரவாயில்லை. கடைசிப் பக்கம் மட்டும் இருக்க வேண்டும். அத்தை அங்கிருந்துதான் ஆரம்பிப்பாள்.